எத்தனாவது நாளில் செத்தது? பெங்களூர் மொட்டைமாடியில் கோழிக்குஞ்சு: முதல் 6 வாரம்

குஞ்சு செத்துவிட்டது, என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டால், கோழி தெரிந்த மருத்துவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "குஞ்சுக்கு எத்தனை நாள் ஆச்சு?" வயதைச் சொன்னால் பாதி விடை வந்துவிடும். இரண்டாம் நாள் செத்தால் பெரும்பாலும் குளிர், பயணக் களைப்பு. நான்காம் நாள் என்றால் பட்டினி, இல்லை அழுகிய தொப்புள். தொற்றுநோய்களின் முறை பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்கு மேல்தான். ரத்தக் கழிச்சல் பெரும்பாலும் மூன்று வாரம் ஆன பிறகுதான். இந்தப் பதிவும் அந்த வரிசையிலேயே போகிறது. அளவுகள் 25 குஞ்சுக்கு. இடம் தகரக் கூரை போட்ட மொட்டைமாடிக் கொட்டகை.

வாங்கும்போது

மார்க்கெட் வாசலிலும் ஜாத்திரையிலும் கூடையில் வரும் பச்சை, ரோஸ் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி ஹேச்சரிகள் ஒதுக்கித் தள்ளும் சேவல் குஞ்சுகள். ஒதுக்கிய சரக்குக்கு யாரும் தடுப்பூசி செலவழிக்க மாட்டார்கள். சாயத்தில் நனைந்து, வெயிலும் காற்றும் பட்டு, தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் கூடையில் கிடந்து வந்த குஞ்சு வீட்டுக்கு வந்து சாகிறது என்றால், சாவு வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வளர்க்கத்தான் ஆசை என்றால் முன்பதிவு செய்து ஹேச்சரிக் குஞ்சு வாங்குவது நல்லது. கிரிராஜா, சுவர்ணதாரா இனங்கள் இரண்டும் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவானவை; காவேரி இனம் ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசின் கோழி வளர்ப்பு நிறுவனத்தில் உருவானது. வீட்டு வளர்ப்புக்கு மூன்றும் தாங்கும்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை: குஞ்சை மல்லாக்கப் போட்டால் மூன்று விநாடிக்குள் புரண்டு எழ வேண்டும். தொப்புள் மூடி, காய்ந்து இருக்க வேண்டும். கறுப்புப் பொத்தான் மாதிரி முடிச்சோ, ஈரமோ, நூல் மாதிரி தொங்கலோ இருந்தால் அந்தக் குஞ்சு வேண்டாம். கால் தோல் பளபளவென்று இருக்கட்டும். சுருங்கி, நரம்பு தெரிந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. எடை 35 முதல் 40 கிராம். இரண்டு கேள்வி கட்டாயம்: எப்போது பொரித்தது? மேரக்ஸ் ஊசி போட்டாயிற்றா? மேரக்ஸ் என்பது காலை முடக்கும் வைரஸ் நோய்; அதன் தடுப்பூசி பொரித்த அன்றே ஹேச்சரியில் போட வேண்டியது. வீட்டுக்கு வந்த பிறகு போட்டுப் பெரிய பயனில்லை.

புருடர் (குஞ்சுக்குச் சூடு தரும் இடம்): குஞ்சு வருவதற்கு முந்தைய நாள்

இப்போது வீடுகளில் நடக்கும் முதல் தப்பு பல்பில். "பல்பு எரியுதே, சூடு இருக்குமே" என்று 9 வாட் எல்இடி பல்பைத் தொங்கவிடுகிறார்கள். வெளிச்சம் அமோகம், சூடு கிடையாது. பழைய குண்டு பல்பின் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போனது. அந்த வீண்தான் குஞ்சுக்கு உயிர். குஞ்சுக்கு 2 வாட் என்பது பழைய கணக்கு. 25 குஞ்சுக்கு 100 வாட் பல்பு ஒன்றைவிட 60 வாட் குண்டு பல்பு இரண்டு மேல், ஏனென்றால் ராத்திரி 2 மணிக்கு ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று இருக்கும். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் செராமிக் ஹீட்டர் பல்பு வாங்கலாம். அதில் வெளிச்சம் வராது, தனியாக ஒரு சின்ன விளக்கு வேண்டும். அதன் திருகு பிளாஸ்டிக் ஹோல்டருக்கு ஒத்துப்போனாலும் மாட்டக் கூடாது. உருகி, தரையில் பரப்பிய கூளத்தில் விழுந்து தீப்பிடிக்கும். பீங்கான் ஹோல்டர் போட்டு, ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் தொங்கவிட வேண்டும்.

சுற்று வேலிக்கு 45 செ.மீ. உயர அட்டையோ தகடோ, வட்டமாக, 90 செ.மீ. குறுக்களவில். சதுரப் பெட்டி வேண்டாம். குளிர் அடித்தால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கீழே இருப்பது மூச்சு முட்டிச் சாகும். பல்பு தரையிலிருந்து 30 முதல் 45 செ.மீ. உயரத்தில், வட்டத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக. சூடு பிடிக்காத குஞ்சு நகர்ந்துபோக இடம் இருக்க வேண்டும்.

தரையில் 5 செ.மீ. உமி அல்லது மரச் சீவல். ரம்பத்தூள் வேண்டாம், தீவனம் என்று கொத்தித் தின்று தீனிப்பை அடைத்துக்கொள்ளும். உமி மூட்டையைப் பிரித்தவுடன் பூஞ்சை வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் மூன்று நாள் கூளத்தின்மேல் கோணிச் சாக்கு அல்லது வரி வரியான அட்டை விரிக்கலாம். வழவழப்பான செய்தித்தாள் மட்டும் ஆகாது, கால் இருபக்கமும் வழுக்கிப் பிளந்துவிடும்.

வெப்பமானியைச் சுவரில் மாட்டிப் பிரயோஜனமில்லை. அதன் குமிழ் குஞ்சின் முதுகு உயரத்தில், கூளத்துக்கு 5 செ.மீ. மேலே, பல்பின் வெளிச்ச வட்டம் முடியும் இடத்தில் இருக்கட்டும். முதல் வாரம் அங்கே 33 முதல் 35 டிகிரி செல்சியஸ். அதன் பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து, 21 முதல் 24 டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தலாம். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும். கடலிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சென்னைக் கணக்கு இங்கே ஓடாது. "மத்தியானம் நல்ல வெயில்தானே" என்று பல்பை அணைத்துவிட்டுத் தூங்கினால் விடியற்காலை 4 மணிக்குத்தான் சாவு விழும். தகரக் கூரையில் ஏப்ரல் மத்தியானத்தில் அதுவே தலைகீழ்: பல்பே வேண்டாம், ஈரச் சாக்கு போட வேண்டியிருக்கும்.

வெப்பமானியைவிடக் குஞ்சையே பார்ப்பது மேல். பல்பின் அடியில் குவிந்து கத்தினால் குளிர். வேலியோரம் ஒதுங்கி, இறகைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து, அங்கங்கே கொத்திக்கொண்டு, மெல்லிய சத்தம் மட்டும் வந்தால் சரி. கரண்ட் போகும் ராத்திரிக்கு: 2 லிட்டர் பாட்டில் இரண்டில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி நடுவில் வைத்து, வேலியின்மேல் போர்வையைப் பாதி மூடலாம். முழுக்க மூடினால் மூச்சு முட்டும்.

முதல் 24 மணி நேரம்

பொரிக்கும் முன் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இரண்டு மூன்று நாளுக்கு அதுதான் சாப்பாடு. நாமக்கல், ஓசூர் பக்கமிருந்து இரவு பஸ்ஸில் பெட்டி வர முடிவதும் அதனால்தான். ஆனால் தண்ணீருக்கு அந்தக் கையிருப்பு போதாது. பெட்டி திறந்ததும் முதல் வேலை தண்ணீர். 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் வெல்லம் அல்லது சர்க்கரை, முதல் நான்கு ஆறு மணி நேரத்துக்கு மட்டும். நாள் பூராவும் வைத்தால் எறும்பு வரும், எச்சமும் பிசுபிசுக்கும். வீட்டு உப்பைக் கையளவில் போடுவது ஆபத்து; குஞ்சுக்கு உப்பு விஷம் மாதிரி. எலக்ட்ரோலைட் பொட்டலம் வாங்கினால் அதில் போட்ட அளவு, அதற்கு மேல் ஒரு சிட்டிகை கூடாது.

ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு விடுங்கள், மூக்குத் துவாரம் முங்காமல். 25 குஞ்சுக்குப் பத்து நிமிட வேலை. பட்டினிச் சாவில் பெரும்பகுதியை இதுவே நிறுத்திவிடும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டோ கூழாங்கல்லோ போட்டால் முங்கிச் சாகாது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தீவனம், முதல் நாள் மட்டும் அகலத் தட்டிலோ அட்டைமேலோ தூவியபடி.

ராத்திரி படுக்கும் முன் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்தடியில், குஞ்சின் வலப்பக்கம், பட்டாணி அளவில் இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். கஞ்சி மாதிரி மெத்தென்று நிறைந்திருந்தால் தின்றும் இருக்கிறது, குடித்தும் இருக்கிறது. கரடுமுரடாகக் கெட்டியாக இருந்தால் தீவனம் மட்டும், தண்ணீர் போகவில்லை. தண்ணீர் பலூன் மாதிரி தளதளத்தால் தீவனம் கிடைக்கவில்லை. தட்டையாக இருந்தால் அந்தக் குஞ்சின் முதுகில் மை வைத்து, காலையில் மறுபடி பாருங்கள். 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குஞ்சின் தீனிப்பையும் நிறைந்திருக்க வேண்டும். இரண்டு மூன்றுக்கு மேல் காலியாக இருந்தால் குறை குஞ்சிடம் இல்லை, சூட்டிலோ தட்டு வைத்த இடத்திலோ இருக்கிறது. அப்படியே காலைப் பிடித்து உங்கள் கன்னத்தில் வையுங்கள்: ஜில்லென்றிருந்தால் வெப்பமானி என்ன காட்டினாலும் குளிர்தான்.

1 முதல் 3 நாள்

பின்துவாரத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைப்பது இந்த நாள்களில் வரும். சூடு கூடினாலும் குறைந்தாலும், பயணத்தில் நீர் வற்றினாலும் வரும். காய்ந்ததைப் பிய்த்தால் தோலோடு வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஒரு நிமிடம் வைத்து, இளகிய பின் துடைத்து, ஈரம் போக ஒற்றி, துளி தேங்காயெண்ணெய் தடவி, பல்பின் அருகில் விடுங்கள். ஈரத்தோடு விட்டால் குளிரில் போய்விடும். ஒரு எச்சரிக்கை: தொப்புள் வயிற்றுப் பக்கம், பின்துவாரம் வால் பக்கம். தொப்புள் பொருக்கை எச்சம் என்று நினைத்து இழுத்துக் குடல் வெளியே வந்த கதை உண்டு.

கால் பிளந்த குஞ்சுக்கு பேண்ட்-எயிடை நீளவாக்கில் பாதியாகக் கிழித்து, இரண்டு காலுக்கும் நடுவே 2.5 செ.மீ. இடைவெளி விட்டுக் கட்டலாம். மூன்று முதல் ஐந்து நாளில் நிற்கும். மூன்றாம் நாளுக்கு மேல் விட்டுவைத்துக் கட்டினால் பலன் குறையும்.

சோர்ந்த குஞ்சைத் தனியே எடுத்தால் வரிசை முக்கியம்: முதலில் சூடு, பிறகு நீர், கடைசியில் தீவனம். உடம்பு ஜில்லென்றிருக்கும் குஞ்சுக்கு வாயில் ஊட்டினால் தீனிப்பையில் அப்படியே கிடந்து புளிக்கும். சின்ன அட்டைப்பெட்டியில் 35 டிகிரி, அரை மணி நேரம். பிறகு சொட்டுக்குழாயில் எலக்ட்ரோலைட் நீர், அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக; அது தானே விழுங்க வேண்டும். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய் அங்கேயே செத்துவிடும். காப்பாற்றப் போய்க் கொன்ற குஞ்சுகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதான்.

4, 5, 6ஆம் நாள்

முதல் மூன்று நாள் ஓடியாடிய குஞ்சு நாலாம் நாள் திடீரென்று சாகிறது. மஞ்சள் கரு கையிருப்பு தீர்ந்த நாள் அது. அதுவரை தீவனம் தின்னக் கற்றுக்கொள்ளாத குஞ்சு இப்போது விழும். சமையலறைத் தராசு இங்கே கைகொடுக்கும்: ஐந்து குஞ்சை நாள்தோறும் நிறுத்துக் குறித்துவையுங்கள். முட்டையின குஞ்சு ஏழாம் நாளில் 60 கிராமைத் தாண்ட வேண்டும். ஐந்தாம் நாளிலும் 36, 37 கிராமிலேயே நிற்கும் குஞ்சு, பார்க்க நன்றாக இருந்தாலும், போகிற குஞ்சு.

வயிறு உப்பி, தொப்புள் சிவந்து ஈரமாக, தொட்டால் சேறு மாதிரி இருந்து, கெட்ட வாடை வந்தால் அது தொப்புள் அழற்சி. ஹேச்சரியில் அழுக்கு முட்டையிலிருந்தும் அழுக்குத் தட்டிலிருந்தும் ஈ.கோலை போன்ற கிருமிகள் மூடாத தொப்புள் வழியே போய், மஞ்சள் கருவை உள்ளேயே அழுக வைக்கிறது. மருந்து பெரும்பாலும் எட்டாது. அதே பெட்டியில் ஒரு வாரத்தில் இப்படி நாலைந்து செத்தால் விற்றவரிடம் படத்தோடு சொல்ல வேண்டும். நல்ல சரக்கில் முதல் வாரம் 100க்கு ஒன்று இரண்டு சாவது எதிர்பார்க்கக் கூடியது. பல ஹேச்சரிகள் 100க்கு 2 குஞ்சு கூடுதலாகப் போட்டு அனுப்புவதும் இதற்குத்தான். காலோ கழுத்தோ கடிபட்டுச் செத்திருந்தால் நோயைத் தேடாதீர்கள், பெருச்சாளி. அரை அங்குலக் கம்பிவலை அடியிலும் போட வேண்டும்.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். இப்படி: "நாள் 4. உயிர் 24. காலை 6 மணிக்கு 31 டிகிரி. தீவனம் 280 கிராம். 1 சாவு, 34 கிராம், தீனிப்பை காலி, தொப்புள் காய்ந்தது." இந்த வரியைப் பார்த்தாலே தெரியும்: பட்டினி, மருந்து வேண்டாம், சூட்டைக் கூட்டி, தட்டுகளை இன்னும் கிட்டே வை.

தடுப்பூசி நாள்கள்

5 முதல் 7ஆம் நாளுக்குள் ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்க்கு எஃப்-1 அல்லது லசோட்டா தடுப்பூசி, கண்ணில் ஒரு சொட்டு. 12 முதல் 14க்குள் கம்போரோ என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கு. 28ஆம் நாள் வாக்கில் லசோட்டா மறுபடி. குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, 2 முதல் 8 டிகிரியில் வைத்து, கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சின்னக் குப்பியிலும் 25 குஞ்சுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு டோஸ் இருக்கும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் போடுவது வெறும் தண்ணீர் விடுவதற்குச் சமம். பக்கத்து மாடிக்காரரோடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். குடிநீரில் கலப்பதாக இருந்தால் காவேரிக் குழாய் நீரின் குளோரின் உயிர்த் தடுப்பூசியைக் கொன்றுவிடும், லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பில்லாத பால்பவுடர் முதலில் கலக்க வேண்டும். சொட்டு போட்டபின் குஞ்சு கண்ணைச் சிமிட்டும் வரை பிடித்திருங்கள். இரண்டு மூன்று நாள் லேசான தும்மல் வரலாம், பயமில்லை. ஏற்கெனவே நோயில் இருக்கும் குஞ்சுக்குப் போடக் கூடாது.

இரண்டாம் வாரம்

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றால் ராணிக்கெட். ஆனால் குஞ்சுக்கு வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி எச்சம் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் சாவு ஏறினால் அது பெரும்பாலும் புல்லோரம், சால்மொனெல்லா வகைக் கிருமியால் வரும் நோய். தாய்க்கோழியின் முட்டை வழியாகவே வரும். பிழைத்த குஞ்சும் பெரிதானபின் கிருமியைச் சுமக்கும், அதன் முட்டையைப் பொரிக்க வைக்கக் கூடாது. ராணிக்கெட்டில் பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கல் சேர்ந்து வரும். கீழாநெல்லி, சீரகம், மஞ்சள் அரைத்துக் கொடுப்பதில் கெடுதல் இல்லை. தடுப்பூசிக்கு அது மாற்று என்று நம்புவதில்தான் கெடுதல்.

சத்தமே இல்லாமல் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பூஞ்சை பிடித்த கூளத்தைச் சந்தேகியுங்கள். கரகரவென்று சத்தத்தோடு என்றால் சளி நோய். பூஞ்சைக்கு மருந்தைவிட, அன்றே கூளம் முழுவதையும் மாற்றுவதுதான் வைத்தியம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையில் இது அதிகம். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு மூட்டையும் அப்படித்தான். கட்டி கட்டியாக இருந்தால் கொட்டிவிடுங்கள்.

விரல்கள் உள்பக்கம் சுருண்டு, கணுக்காலில் உட்கார்ந்து நகர்ந்தால் வைட்டமின் பி2 குறைவு. நொய்யும் கேழ்வரகும் மட்டும் போட்டு வளர்த்த குஞ்சுக்கு வருவது. அதே நாளில் கோழிக்கான பி-காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்து தொடங்கினால் நிமிரும்; ஒரு வாரம் விட்டால் நிமிராது. இதைத் தவிர்க்கத்தான் 20 முதல் 22 சதவீதப் புரதமுள்ள சிக் ஸ்டார்ட்டர் என்ற குஞ்சுத் தீவனம்.

3 முதல் 6 வாரம்: ரத்தக் கழிச்சல்

இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடி, கூன் போட்டு நிற்கும் குஞ்சு. எச்சத்தில் ரத்தம் அல்லது காப்பி நிறச் சளி. இது காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் வேலை. குடலுக்குள் ஒரு சுற்று முடிக்கவே அதற்கு நான்கு முதல் ஏழு நாள் தேவை, ஆகவே முதல் வாரத்தில் ரத்தம் கண்டால் வேறு காரணம் தேடுங்கள். எச்சத்தில் வெளிவரும் அந்த ஒட்டுண்ணியின் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதனால் தண்ணீர்க் குடுவையைச் சுற்றி நனைந்த கூளத்தை நாள்தோறும் அள்ள வேண்டும். பினாயில், பிளீச்சிங் பவுடருக்கு அது சாகாது. வெயிலும் உலர்ந்த தரையும்தான் எதிரி.

மருந்து ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள். பொட்டலத்தில் 20 சதவீதம்தானா என்று பார்த்த பிறகு: 25 லிட்டருக்கு 30 கிராம், அதாவது லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். பிறகு அதில் கால் பங்கு, 0.3 கிராம், ஒரு வாரம். சமையலறைத் தராசு 1.2 கிராமைக் காட்டாது. 6 கிராம் நிறுத்து 5 லிட்டரில் கரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், மறுநாள் புதிதாக. அந்த ஐந்து நாளும் வேறு தண்ணீர் கண்ணில் படக் கூடாது. மருந்தோடு பி-காம்ப்ளக்ஸ் கலக்காதீர்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே காக்சிடியாவுக்கு பி1 கிடைக்காமல் தடுத்துத்தான். நீங்கள் பி1 ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்யும். கூடுதலாக, நீண்ட நாள் கொடுத்தால் குஞ்சுக்கே பி1 குறைந்து தலை பின்னால் வளைந்து வானத்தைப் பார்க்கும். மருந்து முடிந்தபின் வைட்டமின் தாருங்கள்.

இதே வயதில் கம்போரோ வந்தால் வெள்ளை நீர்க் கழிச்சல், நடுக்கம், தன் பின்பக்கத்தைத் தானே கொத்துதல். வைரஸ், மருந்து கிடையாது. கடைக்காரர் ஏதாவது ஆன்டிபயாட்டிக் நீட்டுவார். மனிதருக்கான டெட்ராசைக்ளின் கேப்சூலை உடைத்துக் கலக்கும் பழக்கமும் நம்மவர்களிடம் உண்டு. வைரஸுக்கு அது வீண். கொலிஸ்டின் உணவுக் கோழிகளில் 2019இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

செத்த குஞ்சைத் தூக்கி எறிவதற்கு முன்

ஒரே நாளில் இரண்டுக்கு மேல் விழுந்தால் அறுத்துப் பார்க்கக் கொடுங்கள். ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரியும், கால்நடை நலம் மற்றும் உயிரியல் மருந்து நிறுவனமும் இருக்கின்றன. செத்த குஞ்சை இரட்டை பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே அல்லது மறுநாள் காலையில் கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் உறையவிட்டால் உறுப்புகள் சிதைந்து ஒன்றும் தெரியாது. சாகும் தறுவாயில் உள்ள குஞ்சு ஒன்றையும் கூடக் கொண்டுபோனால் இன்னும் தெளிவாகத் தெரியும். நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். அங்கே முதலில் கேட்பது வயதும், போட்ட ஊசியும்தான்.

எல்லா வயதுக் கோழியும் ஒரே நேரத்தில் சரசரவென்று சாய்ந்தால், தலை வீங்கி கொண்டை நீலம் பாரித்தால், தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2025 தொடக்கத்தில் சிக்கபள்ளாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது; பெங்களூருக்கு அது தூரமில்லை. சாதாரண நாளிலும் குஞ்சைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் குஞ்சை முத்தமிட விடாதீர்கள், சால்மொனெல்லா நோயில்லாத குஞ்சிலும் இருக்கும்.

அடுத்த பெட்டி வருவதற்கு முன்: கூளத்தை முழுக்க அள்ளி மூட்டை கட்டி, தரையைச் சோப்பு நீரால் தேய்த்து, வெயிலில் காயவிட்டு, சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு மூன்று வாரம் காலியாகப் போட்டுவைக்கவும். வீட்டில் பெரிய கோழி இருந்தால் புதுக் குஞ்சுகளை ஒரு மாதம் தனியே வைத்து, தீவனம் போடும்போது முதலில் குஞ்சுகளுக்கும் பிறகு பெரியவற்றுக்கும் போக வேண்டும். கொட்டகைக்கென்று தனியாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாசலிலேயே கிடக்கட்டும்.